பாறைக்கு வயது சொல்வது எப்படி? கார்பன் சோதனையா, ஊகமா?

கேள்வி, 3 மார்ச் 2024

கீழடியில் கிடைத்த கரித்துண்டைக் கார்பன் சோதனைக்கு அனுப்பி கி.மு. 580 என்று சொன்னார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். பூமிக்கு 454 கோடி வயது என்கிறார்களே, அதுவும் கார்பன் சோதனைதானா? அப்போது மனிதனே கிடையாது, பார்த்தவர் யார்? ஒரு புத்தகத்தில் 450, இன்னொன்றில் 455, வேறொன்றில் 460. எனக்கு இது ஊகம் என்றே படுகிறது.

4 மார்ச், காலை

கார்பன் இல்லை. உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும்தான் கார்பன். மரம் உயிரோடு இருக்கும் வரை காற்றிலிருந்து கார்பன்-14ஐ வாங்கிக்கொண்டே இருக்கும். வெட்டியதும் வரவு நின்றுவிடும், இருப்பு கரைய ஆரம்பிக்கும். அதன் அரை ஆயுள், அதாவது இருப்பு பாதியாகக் குறையப் பிடிக்கும் காலம், 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டு தாண்டினால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கீழடிக் கரிக்கு அது போதும். பல்லாவரத்துப் பாறைக்கு உதவாது, அது காற்றிலிருந்து எதையும் வாங்கி வளரவில்லை.

பல்லாவரத்தை இழுத்ததற்குக் காரணம், நான் அங்கே வளர்ந்தவன். அப்பா கிரஷரில் வேலை பார்த்தார். சிறுவயதில் வெடி வைத்து உடைத்த கல்லைக் கையில் எடுத்தால், புதிதாகப் பிளந்த முகம் எண்ணெய் தடவியது போல மினுக்கும். நீலமும் பச்சையும் கலந்த ஒரு கருமை. அதன் பெயர் சார்னோக்கைட் என்று கல்லூரியில்தான் தெரிந்தது. அதற்கு வயது 250 கோடி ஆண்டு. எப்படித் தெரியும் என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

4 மார்ச், இரவு

பாறைக்குள் சிர்க்கான் என்று ஒரு கனிமம் இருக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், மணல் துகளை விடச் சின்னது. குழம்பாக இருந்த பாறை குளிர்ந்து உறையும்போது இது படிகமாகும். அப்படி ஆகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளாது. இன்றைக்கு அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈயம் இருக்கிறது. வெளியிலிருந்து வர வழியில்லை. யுரேனியம்தான் சிதைந்து ஈயமாகியிருக்கிறது.

யுரேனியத்தில் இரண்டு வகை. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு பிடிக்கும். அது கடைசியில் ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235 வேகமானது, 70.4 கோடி ஆண்டில் பாதி. அது ஈயம்-207 ஆகிறது. 250 கோடி ஆண்டு ஆன சிர்க்கானில் முதல் வகையில் நூற்றுக்கு 68 மீதி இருக்கும், இரண்டாவது வகையில் நூற்றுக்கு எட்டு ஒன்பதுதான் இருக்கும்.

எனக்கு இந்த முறை மேல் இவ்வளவு நம்பிக்கை வந்தது இதனால்தான். ஒரே பெட்டிக்குள் இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனியே கணக்கு எழுதுகிறார்கள், ஒருவர் ஏட்டை மற்றவர் பார்ப்பதில்லை. இருவர் கணக்கும் ஒத்துப்போனால் பெட்டியை யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கசிந்திருக்கிறது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். ஊகத்தில் இந்த வசதி கிடையாது.

5 மார்ச்

"யார் பார்த்தார்கள்" என்ற கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்து பாம்ப்பேய் நகரத்தைப் புதைத்தது. அதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் இளைய பிளினி. 1997இல் விஞ்ஞானிகள் அந்த எரிமலைக் கல்லிலிருந்து படிகங்களை எடுத்து ஆர்கான் முறையில் அளந்தார்கள். பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கான் வாயு ஆகும், அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. அவர்களுக்குக் கிடைத்த விடை 1925 ஆண்டு, 94 கூடலாம் குறையலாம். உண்மையில் ஆகியிருந்தது 1918 ஆண்டு. 125 கோடி ஆண்டில் பாதியாகும் பொருளை வைத்து, 2000 ஆண்டுகூட ஆகாத ஒன்றை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் முறை இதைப் படித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

5 மார்ச், பிறகு

ஒரு திருத்தம். சிர்க்கான் ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளாது என்று ஒரேயடியாக எழுதிவிட்டேன். மிகமிகக் கொஞ்சம் உள்ளே போகும். அதைக் கண்டுபிடிக்க ஈயம்-204 என்ற வகையை அளப்பார்கள். அது எதிலிருந்தும் சிதைந்து வருவதில்லை, ஆதியிலிருந்தே இருப்பது. ஆகவே ஈயம்-204 தெரிந்தால், அதோடு கூட வந்த அந்நிய ஈயம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம்.

7 மார்ச்

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: இந்த வேலையை உண்மையில் எப்படிச் செய்வார்கள்?

நான் முதுகலையில் ஒரு பருவம் இதைச் செய்தேன். ஐந்து கிலோ, பத்து கிலோ பாறையை உடைத்து மாவாக்க வேண்டும். சலித்து, தண்ணீரில் அலசி, காந்தம் வைத்து இரும்புச் சத்துள்ளதைப் பிரித்து, அடர்த்தியான திரவத்தில் போட்டால் லேசானவை மிதக்கும், சிர்க்கான் அடியில் தங்கும். அப்புறம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு மெல்லிய ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டும். வீட்டில் அம்மா அரிசியில் கல் பொறுக்குவார்கள், இது அதற்கு நேர் எதிர். பொறுக்கியதைப் பிசினில் பதித்து, பாதி வரை தேய்த்து மெருகிட்டு, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் படம் எடுத்தால் உள்ளே மரத்தின் ஆண்டு வளையம் போலக் கோடுகள் தெரியும். நடுவில் ஒரு கரு, சுற்றிலும் ஓடு. எந்த இடத்தை அளப்பது என்று அதைப் பார்த்து முடிவு செய்துவிட்டு லேசரால் ஒரு சின்னக் குழி போட்டு, வரும் ஆவியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதாவது அணுக்களை எடை வாரியாகப் பிரிக்கும் கருவியில், எண்ணுவார்கள்.

என் மாதிரியில் 40 மணி ஒரே வயதைக் காட்டியது, இரண்டு மணி மட்டும் சம்பந்தமே இல்லாத வயது. இரண்டு மாதம் அந்த இரண்டுக்கும் விளக்கம் தேடினேன். பழைய பாறை ஏதோ குழம்பில் விழுந்து கரையாமல் தப்பியிருக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசியில், எனக்கு முன்னால் அந்த அரவை இயந்திரத்தைப் பயன்படுத்தியவர்கள் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று தெரிந்தது. வேறு யாருடைய பாறையின் மணியோ அது. அன்றைக்கு வந்த கோபம் இப்போது இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும் வயதைப் பார்ப்பதற்கு முன்னால் மாதிரியை எப்படி உடைத்தார்கள் என்ற பத்தியைத்தான் படிக்கிறேன்.

8 மார்ச்

முறை எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு: அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ரம் போல்ட்வுட், 1907. யுரேனியக் கனிமங்களில் ஈயத்தை அளந்து 41 கோடியிலிருந்து 220 கோடி வரை வயது சொன்னார். அந்த 220 கோடிக் கல் இலங்கையிலிருந்து போனது, தோரியனைட் என்ற கனிமம். அதை 1904இல் இலங்கையில் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஆமாம், நடராசர் சிற்பத்தைப் பற்றி எழுதிய அதே கலை அறிஞர்தான். சர் முத்து குமாரசுவாமியின் மகன். கலைப் பக்கம் போவதற்கு முன்னால் அவர் புவியியலாளர், இலங்கைக் கனிம ஆய்வின் இயக்குநர். உலகின் முதல் கதிரியக்க வயதுப் பட்டியலில் மிகப் பழையது என்று நின்ற கல், அவர் கண்டெடுத்த கனிமம். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

9 மார்ச்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் அந்த 220 கோடி சரியான வயது என்பது போலத் தோன்றுகிறது. இல்லை, அது பெரிய தவறு. தோரியனைட்டில் தோரியம்தான் நிறைய. தோரியமும் சிதைந்து ஈயம்-208 ஆகும். போல்ட்வுட் தோரியத்திலிருந்து ஈயம் வருவதாக எண்ணவில்லை. எல்லா ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதிவிட்டார். யுரேனியம் சிதையும் வேகமும் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை வகைகளைக் குறிக்கும் ஐசோடோப்பு என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. இலங்கையின் அந்தக் கனிமத்துக்கு இன்று சொல்லும் வயது 50 கோடியை ஒட்டித்தான்.

இப்படித் தவறியதால் முறையே பொய் என்று சொல்ல முடியாது. எங்கே தவறியது, எவ்வளவு தவறியது, ஏன் தவறியது என்று மூன்றும் நமக்குத் தெரிகிறது. முதல் நாள் கேட்டவர் கவனிக்க வேண்டும்: 454க்குப் பதில் 450, 455, 460 என்ற வேறுபாடு அந்த ரகமே இல்லை. அது நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான். அவசரத்துக்கு முழு எண்ணாகச் சொல்வது.

11 மார்ச்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவருக்கு: ஆமாம், இரத்தினபுரியில் சல்லடை போட்டு அலசும்போது கிடைக்கும் அதே சிர்க்கான்தான். நிறமில்லாததை மாத்தறை வைரம் என்று விற்பார்கள். இரத்தினக்கல்லாகப் பட்டை தீட்டும் அளவுக்குப் பெரிய படிகம், அதிலும் முழுக்க ஒரே வயது, மிகவும் அபூர்வம். அதனால் ஆய்வுக்கூடங்களில் தராசுக்குப் படிக்கல் வைப்பது போல இலங்கைச் சிர்க்கானை வைத்துத்தான் இயந்திரத்தைச் சரிபார்ப்பார்கள். கான்பெராவில் எஸ்.எல்.13 என்று பெயரிட்ட ஒரு இலங்கைச் சிர்க்கானைப் பல ஆண்டுகள் இப்படிப் பயன்படுத்தினார்கள். வயது சுமார் 57 கோடி.

14 மார்ச்

"ஹவாயில் 200 வருஷத்துக்கு முன்னால் வழிந்த எரிமலைப் பாறைக்குக் கோடிக்கணக்கில் வயது காட்டியது, இதற்கு என்ன சொல்கிறீர்கள்" என்று ஒருவர் சற்றுக் காட்டமாகக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன்.

ஹுவாலாலாய் எரிமலை, 1800-01. அந்தக் குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து உருகாத கல் துண்டுகளை அடித்துக்கொண்டு வந்தது. 1968இல் வெளியான ஆய்வில் அந்தத் துண்டுகளைத்தான் அளந்தார்கள். ஆழத்தில் சிக்கிய பழைய ஆர்கான் வெளியேறாமல் அவற்றில் அடைபட்டிருந்தது. அது குழம்பின் வயதைக் காட்டாது என்று சொன்னது அந்த ஆய்வாளர்களே. ஆர்கான் முறையில் எந்த மாதிரியை எடுக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு எல்லோரும் கவனமாக இருந்தார்கள்.

சிதைவு வேகம் அந்தக் காலத்தில் வேறாக இருந்திருக்கலாமே என்றும் கேட்கிறார். ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் ஓக்லோ யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் அங்கே இயற்கையாகவே ஓர் அணு உலை எரிந்து அணைந்தது. 1972இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அங்கே மிஞ்சியிருக்கும் சாம்பல், இன்றைய அணு உலைக்கான விதிகளோடு பொருந்துகிறது. 1987இல் வானத்தில் தெரிந்த சூப்பர்நோவாவின், அதாவது வெடித்த நட்சத்திரத்தின் ஒளி சுமார் 1,68,000 ஆண்டு பயணம் செய்து வந்தது. வெடிப்பில் உண்டான கோபால்ட் சிதைவதால் வந்த அந்த ஒளியும், கோபால்ட் இன்று ஆய்வுக்கூடத்தில் சிதையும் அதே வேகத்தில்தான் மங்கியது.

15 மார்ச்

இயற்பியலாளர் கெல்வின் பிரபு பற்றி ஒருவர் எழுதியதில் நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்த கதை இருக்கிறது. கொதிக்கும் உருண்டையாகத் தொடங்கிய பூமி குளிர எவ்வளவு காலம் ஆகும் என்று கெல்வின் 1862இல் கணக்குப் போட்டு 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டு என்றார். 1897இல் அதை 2 முதல் 4 கோடி என்று சுருக்கினார். கதிரியக்கம் தரும் வெப்பம் அவருக்குத் தெரியாது, அதனால் தவறினார் என்பதுதான் வழக்கமான கதை. கதிரியக்க வெப்பத்தைச் சேர்த்தாலும் கெல்வினின் கணக்கு பெரிதாக மாறாது. உண்மையான ஓட்டை வேறு இடத்தில். பூமியின் உள்ளே திடப்பொருளில் வெப்பம் கடத்தப்படுவதாக மட்டும் அவர் வைத்துக்கொண்டார். உள்ளே பாறை மெல்லப் புரண்டு ஓடுகிறது, கஞ்சி கொதிக்கும்போது அடியிலிருப்பது மேலே வருவது போல. இதை 1895இலேயே சுட்டிக்காட்டியவர் ஜான் பெர்ரி. ஒரு காலத்தில் கெல்வினுக்கே உதவியாளராக இருந்தவர். அப்படி ஓடினால் பூமிக்கு 200, 300 கோடி ஆண்டும் இருக்கலாம் என்றார். கேட்டவர் குறைவு.

19 மார்ச்

இப்போது பூமியின் வயதுக்கு வருகிறேன், இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பூமியின் வயதைச் சொன்னது பூமியின் பாறை இல்லை. அந்த அளவுக்குப் பழைய பாறை பூமியில் மிஞ்சவில்லை. கனடாவின் அகாஸ்டா பாறை சுமார் 403 கோடி. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்க்கான் மணி சுமார் 440 கோடி, அது இருந்த பாறை அழிந்து மணி மட்டும் தப்பியது. பூமி தன்னைத்தானே உருக்கி உருக்கி வார்த்துக்கொள்கிறது.

அதனால் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கல்லைப் பிடித்தார். அமெரிக்காவில் அரிசோனாவில் பெரும் பள்ளம் தோண்டி விழுந்த கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல். அதில் யுரேனியம் கிட்டத்தட்ட இல்லை, ஈயம் மட்டும் உண்டு. ஆகவே அந்த ஈயம் சூரியக் குடும்பம் பிறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கல் வகை விண்கற்களில் யுரேனியம் இருப்பதால் ஈயம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டையும் வரைபடத்தில் வைத்தால் ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வுதான் வயது: 455 கோடி, 7 கோடி கூடலாம் குறையலாம். 1956இல் வெளியிட்டார். கடலடி வண்டலில் உள்ள ஈயமும் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தது. பூமியும் விண்கற்களும் ஒரே சரக்கிலிருந்து ஒரே காலத்தில் பிறந்தவை என்பதற்கு அதுதான் பிடி. 68 ஆண்டில் அந்த எண் 454க்குத்தான் நகர்ந்திருக்கிறது.

19 மார்ச், நள்ளிரவு

பேட்டர்சனைப் பற்றி எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. அவருக்கு முதலில் கணக்கே ஒத்துவரவில்லை. எங்கு அளந்தாலும் ஈயம் அதிகமாக வந்தது. தண்ணீரில், தூசியில், தலைமுடியில், ஆய்வுக்கூடச் சுவரில். தரையைத் தேய்த்து, பாத்திரத்தை அமிலத்தில் கழுவி, காற்றை வடிகட்டி, ஆண்டுக்கணக்கில் சுத்தம் செய்தார். என் இரண்டு மாதத்தை நினைத்துக்கொண்டேன். அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் தேடியபோது, பெட்ரோலில் கலந்த ஈயம்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மீதி வாழ்நாளில் பெரும்பகுதியை அதை நிறுத்தச் செலவழித்தார், பெரிய எதிர்ப்பைத் தாங்கினார். இந்தியாவில் 2000இல் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்தியது அல்ஜீரியா, 2021. பள்ளிக்கூடம் விட்டு பல்லாவரம் சாலையில் நடந்து வந்த எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள்தான்.

24 மார்ச்

முதல் நாள் எழுதியதற்கே ஒரு திருத்தம் தேவை. "பல்லாவரத்துப் பாறைக்கு வயது 250 கோடி" என்று பட்டென்று எழுதினேன். எந்த நிகழ்விலிருந்து என்று சொல்லாமல் வயது சொன்னால் அது பாதிப் பதில்தான். நாகர்கோவில் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் சார்னோக்கைட் இருக்கிறது, கையில் வைத்தால் பல்லாவரத்துக் கல் போலவே இருக்கும். அதன் சிர்க்கானில் கருவை அளந்தால் சுமார் 200 கோடி, சுற்றியுள்ள ஓட்டுப் பகுதியை அளந்தால் சுமார் 55 கோடி. இரண்டும் சரி. குழம்பாக வந்து உறைந்தது 200 கோடி ஆண்டுக்கு முன். பிறகு கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் ஆழத்தில் அமுங்கி வெந்து, இன்று நாம் பார்க்கும் உருவத்தை எடுத்தது 55 கோடி ஆண்டுக்கு முன். அப்போது இலங்கையும் பக்கத்தில்தான் இருந்தது. மேலே சொன்ன இலங்கைச் சிர்க்கானும் தோரியனைட்டும் ஏறக்குறைய அதே காலம் என்பது அதனால்தான்.

நிறத்தையும் பெயரையும் வைத்து வயது சொல்ல முடியாது. இதை எங்கள் பேராசிரியர் நூறு முறை சொல்லியிருப்பார். இரண்டு ஊர்க் கல்லையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

25 மார்ச்

சார்னோக்கைட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லிலிருந்து. அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். கல்லை வெட்டிய ஊரின் பெயர் பாறைக்கு வரவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2 ஏப்ரல்

சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டு என்பது பாறையின் வயதா என்று ஒரு ஆசிரியை கேட்கிறார். இல்லை. அந்தக் குவார்ட்சைட் பாறை அதைவிடப் பல மடங்கு பழையது. அங்கே அளந்தது கருவி மண்ணுக்குள் புதைந்த காலத்தை. தரையில் கிடக்கும் குவார்ட்ஸ் மேல் விண்வெளிக் கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டும் உண்டாகும். புதைந்ததும் புதிதாக உண்டாவது நிற்கும். அலுமினியம் சீக்கிரம் குறையும், பெரிலியம் மெதுவாகக் குறையும். இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்கிறது. தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் 2011இல் வெளியிட்டார்கள். 1863இல் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது எங்கள் பல்லாவரத்தில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூர் சாத்தனூர் கல்மரத்துக்கு இந்த முறை எதுவும் நேராகப் பயன்படாது. வண்டல் பாறையில் உள்ள சிர்க்கான் வேறு எங்கிருந்தோ ஆற்றோடு வந்தது, அது அப்பன் வயதைத்தான் சொல்லும். அரியலூர்ப் பக்க அடுக்குகளில் உள்ள அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரின் புதைபடிவங்களை வைத்து, அதே வகை கிடைக்கும் வேறு நாட்டு அடுக்குகளோடு ஒப்பிடுவார்கள். அங்கே நடுவில் எரிமலைச் சாம்பல் இருந்தால் அதிலிருந்து எண் கிடைக்கும்.

6 ஏப்ரல்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. "ஊகம் என்று சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் எங்கள் வீட்டு அம்மிக்கல்லின் வயதைச் சொல்ல முடியுமா" என்கிறார்.

முடியும், அதற்கு அம்மியை உடைத்து மாவாக்க வேண்டும், வேண்டாம். கல் எந்த ஊர்க் குவாரியிலிருந்து வந்தது என்று மட்டும் விசாரியுங்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் என்றால் 250 கோடியை ஒட்டி வரும். தக்கலை, நாகர்கோவில் பக்கம் என்றால் மேலே சொன்ன இரண்டு எண்களில் எது வேண்டுமென்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். அதை அம்மியாகக் கொத்தியது எப்போது என்று பாட்டியிடம் கேளுங்கள்.

கல் உடைந்த இடம் ஏதாவது இருந்தால் வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எண்ணெய் மினுக்கு தெரிகிறதா என்று பார்க்கிறேன்.